கவுன்சில் வாடகையா, சொந்தப் பத்திரமா, சோஷியல் ஹவுசிங்கா? டர்பனில் எது யாருக்குப் பொருந்தும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் வாடகைப் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஆயா பெயரில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கவுன்சில் ஃபிளாட், அதாவது நகராட்சியின் வாடகை வீடு. வாடகை குறைவு, ஆனால் மழை வந்தால் கூரை ஒழுகும். "உங்கள் பெயருக்கே எழுதி வாங்கிக்கொள்ளலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கல்யாணமான பேரன் சோஷியல் ஹவுசிங்குக்கு மனுப் போட்டிருப்பான். அதற்குள் தெரிந்தவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு அவுட்பில்டிங் காலியாகும். நாலு வழி, நாலு தொகை. எந்தத் தொகை சின்னது என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

காரணம், இந்த நாலு இடத்திலும் மாதத் தொகை வெவ்வேறு விஷயங்களைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. இன்றைக்கு எவ்வளவு என்பதோடு, எதைப் பார்த்து அது நாளைக்கு ஏறும் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, தொகை எதைத் தொடர்கிறது: வீட்டை நடத்தும் செலவையா, உங்கள் சம்பளத்தையா, தெருவில் ஓடும் விலையையா? இரண்டாவது, வேலை போனால் அல்லது பென்ஷன் மட்டும் மிஞ்சினால் அது குறையுமா? மூன்றாவது, கூரை, சாக்கடைக் குழாய், படிக்கட்டு யார் தலையில்? நாலாவது, வாடகைச் சீட்டில் இல்லாமல் வந்து சேரும் பில்கள் என்னென்ன? கடைசியாக, பெயரில் இருப்பவர் காலமானால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. கவுன்சில் வீட்டைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கேள்வி.

## கவுன்சில் ஃபிளாட்டில் வாடகைதாரராகவே இருப்பது

வாடகை எப்படி வருகிறது. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்களுக்காக 1960களில் எழுந்தது சாட்ஸ்வொர்த். அதே வகைக் குடியிருப்பான ஃபீனிக்ஸ் 1976இல் வந்தது. பேரக்ஸில் வீடு நகராட்சி வேலையோடு ஒட்டியிருந்தது. சாட்ஸ்வொர்த்தில் அது கணக்குப் புத்தகத்தில் ஏறியது. நகராட்சி அரசுக் கடன் வாங்கிக் கட்டியது. கடன் தவணை, இன்சூரன்ஸ், பராமரிப்பு, அலுவலகச் செலவு எல்லாம் சேர்ந்து வாடகையானது. அந்தக் கடன் அந்தக் காலத்து ரேண்டில் வாங்கியது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, கடன் தவணை அங்கேயே நின்றது. பழைய ஃபிளாட்டுகளின் வாடகை வெளிச் சந்தையோடு ஒட்டாமல் இருப்பதற்கு இதுதான் வேர்.

2006இல் வந்த சமுதாயக் குடியிருப்புத் திட்டத்தின் கீழ் புதுப்பித்த அல்லது கட்டிய கட்டடங்களுக்குக் கணக்கு வேறு. கட்டும் செலவை அரசே ஏற்கிறது. வாடகை நடத்தும் செலவை மட்டும் ஒட்டி அமைய வேண்டும். பொதுவிளக்கு, துப்புரவு, இன்சூரன்ஸ், நிர்வாகம், அன்றாடப் பழுது ஆகியவை அதில் அடக்கம். மாத வருமானம் 3,500 ரேண்டுக்குள் இருப்பவர்களுக்கானது இது. இந்த வகை வீடுகள் அரசுச் சொத்தாகவே இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்றித் தர மாட்டார்கள். ஆகவே "எழுதி வாங்கலாமா" என்று யோசிக்கும் முன் உங்கள் கட்டடம் எந்த வகை என்று நகராட்சியின் சேவை மையமான சிசகாலா மையத்தில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எப்போது ஏறும். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி வரைவு பட்ஜெட் 90 நாள் முன்னதாக, அதாவது மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கட்டண அட்டவணையும் அதோடு வரும். ஏப்ரலில் பொதுமக்கள் கருத்து கேட்பார்கள். வாடகை ஏற்றத்துக்கு எதிராக எழுத்தில் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். ஜூலை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் சண்டை போடுவது மனசுக்கு ஆறுதல் தரும், கட்டணத்தை அசைக்காது.

பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால். வாடகை, தண்ணீர், கழிவுநீர், முன்பாக்கி, வட்டி ஆகியவை ஒரே கணக்கில் வரக்கூடும். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 102ஆம் பிரிவு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்க நகராட்சிக்கு அதிகாரம் தருகிறது. ஒரு கணக்குக்குக் கட்டிய பணத்தை இன்னொன்றுக்கு வரவு வைக்கவும் தருகிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? நீங்கள் "வாடகை" என்று நினைத்துக் கட்டிய பணம் தண்ணீர்ப் பாக்கிக்குப் போயிருக்கும்; வாடகை பாக்கியாக நிற்கும். குழாயில் சொட்டும் கசிவு ஒரு வருடத்தில் வாடகைதாரர் என்ற அந்தஸ்தையே உலுக்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மீட்டரை நீங்களே படித்துப் பில்லோடு ஒப்பிடுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது.

பழைய பாக்கி. 1969ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி வாடகைப் பாக்கி போன்ற சாதாரணக் கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகும். ஆனால் மூன்று பொடி வைத்திருக்கிறது சட்டம். ஒன்று, நீதிமன்றம் தானாக அதைக் கவனிக்காது, நீங்கள்தான் எழுப்ப வேண்டும். இரண்டு, "இவ்வளவு பாக்கி, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். மூன்று, ஏற்கெனவே நீதிமன்றத் தீர்ப்பு ஆகியிருந்தால் கெடு 30 வருடம். கவுண்டரில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும் முன் வருட வாரியாக முழுக் கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாக்கி எந்த வருடத்தது என்று பிரித்துப் பாருங்கள். பழைய பகுதியை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டு, மீதிக்கு மட்டும் தவணை பேசலாம்.

வருமானம் விழுந்தால். நகராட்சியின் வறியோர் பட்டியலில் சேர்ந்தால் இலவச அடிப்படைச் சேவை கிடைக்கும். தேசியக் கொள்கையின் அடிப்படை அளவு மாதம் 6 கிலோலிட்டர் தண்ணீர், 50 யூனிட் மின்சாரம். பட்டியலில் சேர்வது தானாக நடக்காது, மனுக் கொடுக்க வேண்டும். பல குடும்பங்கள் கொடுப்பதே இல்லை. வீட்டை விட்டு வெளியேற்றுவதானால் நீதிமன்ற ஆணை வேண்டும். அரசியலமைப்பின் 26(3) பிரிவும் 1998ஆம் ஆண்டின் வெளியேற்றத் தடுப்புச் சட்டமும் சொல்வது அதுதான். நகராட்சியும் அதற்கு விதிவிலக்கு அல்ல.

மறைந்திருக்கும் விலை. பழுது. வாடகை நடத்தும் செலவைக்கூட ஈடுகட்டாதபோது கூரைக்குப் பணம் பட்ஜெட்டில் வேறெங்கிருந்தோ வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். காத்திருக்க முடியாமல் நீங்களே குழாய் மாற்றினால், ஓடு போட்டால், அந்தப் பணத்தை வாடகையில் கழித்துக்கொள்ள உங்களுக்குத் தானாக உரிமை வராது. எழுத்தில் அனுமதி இல்லாமல் கழித்தால் அது பாக்கியாகத்தான் ஏறும்.

இன்னொன்று, பெயர். லீஸில் ஆயா பெயர் மட்டும் இருந்து, கூட இருக்கும் மகளும் பேரனும் குடும்ப விவரத்தில் பதிவாகாமல் இருந்தால், ஆயாவின் காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு அவர்கள் கவுண்டரில் நிரூபிக்க வேண்டியவர்களாக நிற்பார்கள். வாடகை உரிமை வீட்டைப் போல உயிலில் எழுதிவைக்கக்கூடிய சொத்து அல்ல. ஆயா நடமாட்டமாக இருக்கும்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் வசிப்பவர்கள் பெயரை அடையாள அட்டை நகலோடு கோப்பில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

## அதே ஃபிளாட்டைச் சொந்தப் பெயருக்கு மாற்றுவது

1994க்கு முந்திய அரசுக் கடன் வீடுகளை அதில் குடியிருப்பவர்களுக்கே மாற்றித் தரும் தள்ளுபடித் திட்டம் ஒன்று உண்டு. முதலில் தள்ளுபடியின் உச்ச அளவு 7,500 ரேண்ட். பிறகு வந்த விரிவாக்கத்தில் பெரும்பாலான பழைய வீடுகளின் விலை முழுவதுமே தள்ளுபடிக்குள் அடங்கிவிடும்படி ஆக்கினார்கள். காதில் கேட்க "இலவசம்" மாதிரிதான் இருக்கும். தனி வீடோ ரோ ஹவுஸோ ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்: கூரை உங்களுடையது, சுவர் உங்களுடையது, பழுதும் உங்களுடையது. தனி வீடு கிடைக்கிறதென்றால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதே சரி.

ஃபிளாட் வேறு கதை. அதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

ஃபிளாட் கைமாறுவது செக்‌ஷனல் டைட்டில் முறையில். நீங்கள் சொந்தக்காரர் ஆவது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் இடத்துக்கு. கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், பொதுக் குழாய், முற்றம் எல்லாம் எல்லாருக்கும் பொது. வாங்கிய அன்றே நீங்கள் பாடி கார்ப்பரேட்டின், அதாவது ஃபிளாட் உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பின், உறுப்பினர். விருப்பம் கேட்கவே மாட்டார்கள். பொதுச் செலவில் உங்கள் பங்கு, எல்லா ஃபிளாட்டுகளின் மொத்தத் தரைப் பரப்பில் உங்கள் ஃபிளாட்டின் விகிதம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரே அளவில் 24 ஃபிளாட். மாதத்துக்குக் கட்டட இன்சூரன்ஸ் 3,000 ரேண்ட், பொதுவிளக்கு 600, துப்புரவு 2,400, சில்லறைப் பழுது 3,000. மொத்தம் 9,000. பெரிய பழுதுகளுக்கான கையிருப்பு நிதி காலியாக இருந்தால், அன்றாடச் செலவுக்கான நிர்வாக நிதிக்கு வசூலிப்பதில் குறைந்தது 15 சதவீதம் அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது செக்‌ஷனல் டைட்டில் மேலாண்மை விதி, அது 1,350. ஆக 10,350ஐ 24ஆல் வகுத்தால் தலைக்கு 431 ரேண்ட். முதியோர் உதவித்தொகை 2024 ஏப்ரலில் 2,180 ரேண்ட் ஆனது. அதில் இது ஐந்தில் ஒரு பங்கு. வாடகை போய்விட்டது என்று சந்தோஷப்பட்ட ஆயாவுக்கு லெவி என்ற பெயரில் இன்னொரு வாடகை வந்திருக்கிறது. லெவிக்கு உதவித்தொகைத் தள்ளுபடி கிடையாது. அது நகராட்சிக் கட்டணமல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போடும் கட்டணம். லெவி 500 ரேண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 2 சதவீதம், மாதம் 40 ரேண்டுக்கு மிகாமல், இத்தகைய குடியிருப்புகளின் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பான சமுதாயத் திட்டக் குறைதீர்ப்பு அமைப்புக்கும் போகும்.

இப்போது கூரைக்கு நீர்புகாப் பூச்சு போட 2,40,000 ரேண்ட் என்று கொட்டேஷன் வருகிறது என்று வையுங்கள். தலைக்கு 10,000. எட்டுப் பேர் கட்டவில்லை. மீதி 16 பேர் 15,000 வீதம் போட்டால்தான் காண்ட்ராக்டர் ஏணி வைப்பார். கட்டாதவர்களிடமிருந்து பிறகு வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நியாயமான வக்கீல் செலவையும் அவர்களிடமே கேட்கலாம்; ஆனால் அதுவரை கையிலிருந்து போடுவதும் மாதக்கணக்கில் காத்திருப்பதும் கட்டியவர்கள்தான். மேல்மாடிக்காரர் அவசரப்படுவார், தரைத்தளத்துக்காரர் "எனக்கு ஒழுகவில்லையே" என்பார். இதற்கிடையில் இன்சூரன்ஸ் சந்தா நின்றுபோனால் முழுக் கட்டடமும் பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி "பத்திரம் எப்போது வரும்" என்பதல்ல. இவற்றைக் கேளுங்கள்: கைமாற்றத்துக்கு முன் நகராட்சி கூரையையும் குழாய்களையும் சரிசெய்து தருமா, எழுத்தில் இருக்கிறதா? விற்காத ஃபிளாட்டுகளுக்கு நகராட்சியே உரிமையாளர். அது தன் பங்கு லெவியைக் கட்டுகிறதா? பாடி கார்ப்பரேட் கடைசியாக எப்போது கூட்டம் போட்டது, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறதா, வங்கிக் கணக்கில் எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்குக் கூச்சத்துடன் சிரிப்பு மட்டும் பதிலாக வந்தால், வாடகைதாரராகவே இருந்துவிடுவது மேல் என்பது எங்கள் கணிப்பு. "சொந்தமா இருக்கட்டும்" என்ற ஆசையை நாங்கள் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் வீட்டை இழந்த தலைமுறையின் ஆசை அது. ஆனால் ஒழுகும் கூரையில் இருபத்து நாலில் ஒரு பங்கு, சொத்து என்பதைவிடக் கடனுக்குத்தான் பக்கம்.

சொந்தக்காரர் ஆனால் ரேட்ஸ் என்ற சொத்துவரியும் வரும். சொத்துவரிச் சட்டப்படி வீட்டின் மதிப்பில் முதல் 15,000 ரேண்டுக்கு வரி போடக்கூடாது. குறைந்த மதிப்பு வீடுகளுக்கும் முதியோருக்கும் நகராட்சிகள் அதற்கு மேலும் தள்ளுபடி தருவதுண்டு, மனுப் போட்டால். கவனிக்க ஒன்று: ரேட்ஸ் பாக்கி வரி என்பதால் 30 வருடம் காலாவதி ஆகாது. மூன்று வருடக் கணக்கு இங்கே செல்லாது.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். பத்திரம் இருந்தால் உயில் எழுதலாம். அடுத்த தலைமுறை கவுண்டரில் நிற்க வேண்டாம். ஆனால் உயில் எழுதாமல் போனால், நாலு பிள்ளைகள் பெயரில் பங்கு பிரிந்து, ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சில்லை என்று பத்திரம் மாறாமலே கிடக்கும். செத்தவர் பெயரில் லெவி ஏறிக்கொண்டே இருக்கும். பத்திரத்தில் விற்பனைக் கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று: முற்றம் பொதுச் சொத்து ஆவதால், ஆடிக் கஞ்சிக்கு அடுப்பு வைக்கும் மூலை, துளசி மாடம், சின்னப் பிள்ளையார் கோயில் எதுவும் இனி "நம்ம வாசல்" அல்ல. பாடி கார்ப்பரேட் சம்மதம் வேண்டும். முதல் கூட்டத்திலேயே அதை நடத்தை விதியில் எழுதி வாங்கிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு இல்லை.

## சோஷியல் ஹவுசிங்

2008ஆம் ஆண்டின் சோஷியல் ஹவுசிங் சட்டத்தின் கீழ், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அரசு மானியமும் கடனும் சேர்த்துக் கட்டி வாடகைக்கு மட்டும் விடும் ஃபிளாட்டுகள் இவை. 2022 ஏப்ரல் முதல் குடும்ப மொத்த மாத வருமானம் 1,850 முதல் 22,000 ரேண்ட் வரை இருப்பவர்கள் தகுதி. அதிலும் 6,700 வரை கீழ் வருமானப் படி, அதைத் தாண்டினால் மேல் வருமானப் படி. ஒவ்வொரு திட்டத்திலும் கீழ் வருமானப் படிக்காரர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். இந்தியாவிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

வாடகை, வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கும்படி படிகளாக வைக்கப்படுகிறது. இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள்.

முதலாவது, "மூன்றில் ஒன்று" என்பது கைக்கு வரும் சம்பளத்தில் என்று நினைப்பது. அது பிடித்தத்துக்கு முந்திய தொகையில். மாதம் 9,000 ரேண்ட் வாங்குபவருக்கு மூன்றில் ஒன்று 3,000. அவருக்கு வேலையிழப்புக் காப்பு 1 சதவீதம் 90 ரேண்ட். பிராவிடன்ட் ஃபண்ட் 7.5 சதவீதம் என்று வைத்தால் 675; ஆண்டுக்கு 95,750 ரேண்ட் என்ற 2024-25 வரியாண்டின் வரம்பை வைத்துப் பார்த்தால் வரி சுமார் 62. கையில் 8,173. அதில் 3,000 என்பது கிட்டத்தட்ட 37 சதவீதம். இதற்கு மேல்தான் பிரீபெய்ட் லைட்டும் தண்ணீரும்.

இரண்டாவது, சம்பளம் குறைந்தால் வாடகையும் குறையும் என்று நினைப்பது. வருமானம் பார்ப்பது உள்ளே நுழையும்போது. அதன்பின் வாடகை லீஸில் எழுதியபடி வருடா வருடம் ஏறும். நிறுவனத்துக்கு வங்கிக் கடன் தவணை, இன்சூரன்ஸ், பாதுகாவலர் சம்பளம், லிஃப்ட், கட்டாதவர்களால் வரும் நட்டம் எல்லாவற்றையும் அந்த வாடகையிலிருந்தே சமாளிக்க வேண்டும். ஆகவே இவர்கள் பாக்கி விஷயத்தில் கவுன்சிலைவிடக் கறார். ஒரு மாதம் தவறினால் கடிதம், அடுத்து வக்கீல் நோட்டீஸ். வெளியேற்ற நீதிமன்ற ஆணை இங்கும் வேண்டும் என்றாலும், வேகம் வேறு.

ஆனால் அதே கறார்தான் கூரை ஒழுகாததற்கும் கேட் பூட்டியிருப்பதற்கும் காரணம். சம்பளம் மாதாமாதம் தவறாமல் வரும் இளம் குடும்பத்துக்கு நாலில் இதுவே சிறந்தது. மனுவுக்குப் பொதுவாகக் கேட்பவை: அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, டெபாசிட். கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்த்தே கணக்கு. ஒருவருடையதை மறைத்தால் வங்கிக் கணக்கில் தெரிந்துவிடும்.

மறைந்த செலவு தூரம். சாட்ஸ்வொர்த்தில் இருப்பவருக்கு பங்களாதேஷ் மார்க்கெட் நடை தூரம், மாத மருந்துக்கு ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி ஒரு டாக்சி. ஊரின் வடக்கே அவோகா பக்கம் மாறினால் வாடகை சரியாக இருந்து டாக்சிக் காசு இரட்டிக்கும். வேலைக்கு, பள்ளிக்கு, ஆயாவைப் பார்க்க என்று மாதப் பயணங்களை எண்ணி, டாக்சிக் கட்டணத்தால் பெருக்கி, வாடகையோடு கூட்டிப் பாருங்கள். இது சேர்ந்த தொகைதான் ஒப்பிட வேண்டியது. இன்னொன்று, எத்தனை வருடம் கட்டினாலும் இந்த ஃபிளாட் உங்களுக்குச் சொந்தமாகாது.

## தனியார் அவுட்பில்டிங்

இதில் வாடகையைத் தெரு தீர்மானிக்கிறது. மானியமும் இல்லை, படியும் இல்லை. சுருக்கமாகவே சொல்லலாம்.

1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி நீங்கள் கேட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் தர வேண்டும். ரசீது தர வேண்டும். டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட்டு, காலி செய்யும்போது சேதம் இல்லையென்றால் 7 நாளில், பழுது கழிப்பதானால் வீட்டை ஒப்படைத்து 14 நாளில் மீதியைத் திருப்ப வேண்டும். குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். செல்போனில் படம் எடுத்து அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு நிற்கும். தகராறு வந்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்து அதே வீட்டை அதிக வாடகைக்குக் கேட்பது நியாயமற்ற நடைமுறை ஆகக்கூடும், அதைத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்று 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மறைந்த செலவு மின்சாரம். பிரதான வீட்டின் மீட்டரிலிருந்து கிளை இழுத்திருப்பார்கள். "லைட் பில்லில் பாதி" என்று பேசினால், அவர்கள் வீட்டு கீசருக்கும் நீங்கள் கட்டுவீர்கள். தனி சப்-மீட்டர் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். வாடகை தாமதமானால் உரிமையாளர் தானாக லைட்டை வெட்டவோ பூட்டை மாற்றவோ முடியாது. செய்தால் நீதிமன்றத்தில் அவசர மனுப் போட்டு மீட்கலாம். இன்னொன்று, வரைபட அனுமதி இல்லாமல் கட்டிய அவுட்பில்டிங்கில் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும்.

உறவுக்காரர் வீட்டுப் பின்கட்டு என்றால் இத்தனையும் இன்னும் கடினம். மாமாவிடம் எப்படி ரசீது கேட்பது? கேளுங்கள். உறவு கெடுவது ரசீதால் அல்ல, ரசீது இல்லாததால்.

## பக்கம் பக்கமாக

| | கவுன்சில் வாடகை | சொந்தப் பத்திரம் (ஃபிளாட்) | சோஷியல் ஹவுசிங் | அவுட்பில்டிங் |
|---|---|---|---|---|
| தொகை எதைத் தொடர்கிறது | பழைய கட்டுமானக் கணக்கு, நடத்தும் செலவு, பட்ஜெட் | பொதுச் செலவில் பங்கு | நுழையும்போது வருமானம், பிறகு லீஸ் ஏற்றம் | தெரு விலை |
| எப்போது ஏறும் | ஜூலை 1 | பாடி கார்ப்பரேட் முடிவு, இடையில் சிறப்பு லெவியும் | வருடம் ஒருமுறை | ஒப்பந்தப்படி |
| கூரை | நகராட்சி, மெதுவாக | எல்லாரும் சேர்ந்து | நிறுவனம், பெரும்பாலும் விரைவாக | உரிமையாளர் மனசு |
| வருமானம் விழுந்தால் | வறியோர் சலுகை உண்டு | ரேட்ஸில் சலுகை உண்டு, லெவியில் இல்லை | தானாகக் குறையாது | குறையாது |
| பெயரில் இருப்பவர் காலமானால் | கோப்பில் பெயர் இருக்க வேண்டும் | உயில் | லீஸில் பெயர் இருக்க வேண்டும் | புது ஒப்பந்தம் |

## யாருக்கு எது

உதவித்தொகை மட்டுமே வருமானம், தரைத்தள ஃபிளாட், கூட மகள் குடும்பம்: கவுன்சில் வாடகையிலேயே இருங்கள், மகள் பெயரைக் கோப்பில் ஏற்றுங்கள். பாடி கார்ப்பரேட் ஓடுவதைக் கண்ணால் கண்ட பிறகு பத்திரம் பற்றிப் பேசலாம்.

அதே உதவித்தொகை, ஆனால் ரோ ஹவுஸ் அல்லது தனி வீடு: மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் முன் பழைய தண்ணீர்ப் பாக்கியைத் தீர்த்துவையுங்கள். சொத்து கைமாறும்போது கடைசி இரண்டு வருட நகராட்சிப் பாக்கி இல்லை என்ற சான்று கேட்பார்கள்.

இருவரும் வேலைக்குப் போகும், சேர்ந்து 10,000 முதல் 20,000 வரை வாங்கும் தம்பதி: சோஷியல் ஹவுசிங். காத்திருக்கும் காலத்துக்கு அவுட்பில்டிங், ஆனால் இரண்டு வருட ஒப்பந்தம் போடாதீர்கள். வீடு வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவரிடம் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம், நியாயமான ஈட்டுத்தொகை கேட்பார்கள். மாமா வீட்டுக்கு அந்த விதி பொருந்தாமல் போகலாம். அங்கே ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதிக்கொள்வது நல்லது.

மாதத்துக்கு மாதம் வருமானம் மாறும் டாக்சி ஓட்டுநர், சந்தைக் கடைக்காரர்: சோஷியல் ஹவுசிங்கின் கறார் இவர்களுக்கு ஒத்துவராது. மூன்று மாதச் சம்பளச் சீட்டுக்குப் பதில் வங்கிக் கணக்கு ஏற்கிறார்களா என்று கேட்கலாம், ஆனால் மந்தமான ஜனவரிக்கு ஒரு மாத வாடகை கையிருப்பு இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும், கவுன்சில் ஃபிளாட்டைக் காலி செய்வதாக இருந்தால் சாவியை அக்கம்பக்கத்தாரிடமோ சித்தப்பா மகனிடமோ கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். லீஸ் உங்கள் பெயரில் இருக்கும்வரை அவர் ஓட்டும் தண்ணீரும் வாடகையும் உங்கள் கணக்கில்தான் ஏறும். எழுத்தில் லீஸை முடித்து, கடைசி மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, சாவி ஒப்படைத்ததற்குத் தேதி முத்திரையோடு தாள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.